பெத்தேன், எடுத்தாங்க: பேறுகாலக் கதையாடல் குறித்துச் சில குறிப்புகள்

1

தமிழில் தாயைப் பற்றிய பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. பேற்றைப் பற்றிய பேச்சுக்குத்தான் பஞ்சம். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றல்ல. தாய் என்பது ஒரு படிமம். பிள்ளை பேசத் தொடங்கிய பிறகு பிள்ளையால் கட்டப்படுவது. பேறு ஒரு நிகழ்வு. ஒரு குறிப்பிட்ட உடம்புக்கு, ஒரு குறிப்பிட்ட நாளில், சில மணி நேரத்தில் நடந்து முடிவது. நமது இலக்கிய மரபு முன்னதைப் பாடித் தீர்த்திருக்கிறது. பின்னதன் வாசலிலேயே நின்றுவிட்டிருக்கிறது.

புறநானூற்றுப் பொன்முடியார் பாட்டில் பேசுகிறவள் தாய்தான். ஆனால் ஈனுதல் அங்கே ஒரு கடமைப் பட்டியலின் முதல் வரி. பட்டியல் தந்தை, கொல்லன், வேந்தன் என்று நகர்ந்து போர்க்களத்தில் போய் முடிகிறது. குறளில் ஈன்ற பொழுது ஓர் அளவுகோல் மட்டுமே. மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்கும் மகிழ்ச்சி அதைவிடப் பெரிது என்று காட்டுவதற்காக எடுத்துவைக்கப்பட்ட அளவுகோல். பட்டினத்தார் பத்து மாதச் சுமையைப் பாடும்போது தாய் சிதையில் கிடக்கிறாள், பேசுவது மகன். நற்றிணையின் 40-ஆம் பாட்டு இந்த வரிசையில் கொஞ்சம் வித்தியாசமானது. அண்மையில் ஈன்றவள், நெய்யும் வெண்சிறுகடுகும் அணிந்த உடம்போடு கிடக்கிறாள். நள்ளிரவில் கள்வனைப் போலக் கணவன் வீடு வந்து சேர்கிறான். இவ்வளவு நுணுக்கமான பேறுகாலச் சித்திரம் சங்கப் பாடல்களில் அபூர்வம். ஆனால் இதை நமக்குச் சொல்வது யார்? பரத்தை. ஈன்றவளின் இமைகள் மூடியே இருக்கின்றன.

பிள்ளைத்தமிழுக்கு வருவோம். பத்துப் பருவங்களில் முதலாவதான காப்பு பெரும்பாலும் மூன்றாம் மாதத்தில் தொடங்குகிறது. பச்சை உடம்பும், கட்டிக்கொண்ட பாலும், தீட்டும் உள்ள முதல் வாரங்கள் இலக்கணத்துக்கு வெளியே தள்ளப்பட்டுவிட்டன. பிள்ளைப் பாசுரங்களில் தலையாயதாக நாம் கொண்டாடும் பெரியாழ்வாரில் தாயாக நிற்பவள் யசோதை. அவள் அந்தப் பிள்ளையைப் பெறாதவள். பெற்ற தேவகிக்குக் குலசேகராழ்வார் வாய் கொடுத்தார், உண்மைதான். அவளும் பாலூட்டக் கிடைக்காததைப் பற்றித்தான் புலம்புகிறாளே தவிர, பெற்றதைப் பற்றி அல்ல.

ஆக, மகனின் கடன், மன்னனின் தேவை, புலவனின் அளவுகோல், பக்தனின் உருவகம் என்று பேறு எல்லாமாகவும் ஆகியிருக்கிறது. அதைப் பெற்றவளின் அனுபவமாக ஆவது மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

2

தமிழ் சினிமா இந்த மரபின் நேர் வாரிசு. அறைக் கதவு சாத்தப்படுகிறது. கேமரா வெளியே, வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடக்கும் கணவனோடு நின்றுவிடுகிறது. ஓர் அலறல், பிறகு ஒரு சிசுவின் அழுகை, கதவைத் திறந்துகொண்டு வரும் நர்ஸ். பேறு என்பது கணவனின் காத்திருப்பாக மொழிபெயர்க்கப்பட்டுவிட்டது. உள்ளே இருந்தவளை அடுத்து நாம் பார்க்கும்போது முகம் துடைத்து, பொட்டு வைத்து, பக்கத்தில் பிள்ளையோடு படுத்திருக்கிறாள்.

கதவுக்கு உள்ளே நடந்தது சொல்லப்படாமலே போய்விட்டதா? இல்லை. அடுப்படியில், கொல்லைப்புறத்தில், ரேஷன் கடை வரிசையில், தடுப்பூசி போடக் காத்திருக்கும் பெஞ்சில் அது அன்றாடம் சொல்லப்படுகிறது. நமது விமர்சகர்கள் அதை ஒரு பிரதியாகக் கொள்ளவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிரசவக் கதை என்று பெயர் வைக்கலாம். தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் நடுவே, ராகம் இல்லாமல், வெறும் பேச்சாக இருப்பதால் நாட்டார் வழக்காற்றியல்காரர்களின் டேப் ரெக்கார்டருக்குள்ளும் அது அதிகம் போய்ச் சேரவில்லை.

இந்தக் கதைக்கு ஓர் அமைப்பு இருக்கிறது. முதலில் வலி கண்ட நேரம். 'சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம், மாவு ஆட்டிக்கிட்டு இருந்தேன்.' அடுத்து வண்டி: ஆட்டோவா, 108-ஆ, மாமனாரின் டிவிஎஸ்ஸா. பிறகு அலைச்சல்: 'இங்க முடியாதுன்னு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க.' அதன்பின் உள்ளே நடந்தது. யார் திட்டினார்கள், யார் தண்ணீர் கொடுத்தார்கள், பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்கு என்ன ஆனது. பிள்ளை ஆணா பெண்ணா. ஆயாவுக்குக் கொடுத்த காசு: 'பையனுக்கு ஒரு ரேட்டு, பொண்ணுக்கு ஒரு ரேட்டு.' கடைசியில் ஒரு முத்தாய்ப்பு: 'புள்ளை முகத்தைப் பாத்ததும் எல்லாம் மறந்துபோச்சு.'

இந்த முத்தாய்ப்பைக் கவனியுங்கள். அரை மணி நேரம் ஒன்று விடாமல் சொல்லி முடித்த பிறகுதான் எல்லாம் மறந்துபோச்சு என்கிறாள். சொல்லி முப்பது வருஷம் ஆகியிருக்கும், அன்றைக்குக் குத்தின சொல் ஒன்றுகூட மாறியிருக்காது. அப்படியானால் இந்த வாக்கியத்தின் வேலை என்ன? மறதியை அறிவிப்பது அல்ல அதன் வேலை. இவ்வளவு நேரம் குறை சொன்னவள் நல்ல தாய்தான் என்று கேட்பவருக்கு உறுதி கொடுப்பது. தாய்மை என்ற பெருங்கதையாடலுக்குக் கட்டும் வரி அது. வரியைக் கட்டிவிட்டால் மற்றதை எல்லாம் பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்று. இந்தக் கதை புள்ளைத்தாச்சியின் முன்னால் சொல்லப்படக் கூடாது. 'அவ இருக்கா, அப்புறம் பேசுவோம்' என்று குரல் தாழ்கிறது. அக்கறைதான். ஆனால் இதன் விளைவாக, யாருக்கு இந்த அறிவு உடனடியாகத் தேவையோ அவளுக்கு மட்டும் அது மறுக்கப்படுகிறது. ஒவ்வொரு பெண்ணும் அந்த அறைக்குள் முதல் பெண்ணாகவே நுழைகிறாள்.

3

மூன்று தலைமுறை வாக்கியங்களை அடுத்தடுத்து வைக்கிறேன். என் அம்மாச்சி, வீட்டில் பெற்றவள்: 'ஏழு பெத்தேன், நாலு தங்குச்சு.' என் அம்மா, 1989-இல் ஓர் அரசு மருத்துவமனையில் என்னைப் பெற்றவள்: 'ஆயுதம் போட்டு எடுத்தாங்க.' நான், ஒரு தனியார் மருத்துவமனையில்: 'தண்ணி கம்மியாயிடுச்சுன்னு சிசேரியன் பண்ணிட்டாங்க.'

முதல் வாக்கியத்தில் எழுவாய் 'நான்'. பெறுதல் என்ற வினையும் லேசானதல்ல. பரிசு பெறுகிறோம், பேறு பெறுகிறோம். பேறு என்றாலே பாக்கியம் என்றும் பொருள். அடுத்த இரண்டு வாக்கியங்களிலும் எழுவாய் காணாமல் போய்விட்டது. இலக்கணத்தில் இதைத் தோன்றா எழுவாய் என்போம். எடுத்தாங்க. யார் எடுத்தாங்க? டாக்டரம்மாவா, டியூட்டி நர்ஸா, ஆஸ்பத்திரியா, அரசாங்கமா? பெயர் தெரியாது, முகமும் பாதி மூடியிருந்தது. அந்தப் படர்க்கைப் பன்மை அதிகாரத்தின் இலக்கண வடிவம். 'ரோடு போட்டாங்க', 'கரண்ட்ட நிறுத்திட்டாங்க', 'புள்ளைய எடுத்தாங்க'.

மருத்துவமனையின் எழுத்துக்குப் போனால் இன்னும் ஒரு படி இறங்கவேண்டும். என் கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தமிழாக்கினால் இப்படி வரும்: உயிருள்ள ஒற்றைப் பெண் சிசு வெளியே எடுக்கப்பட்டது, பிறந்தவுடன் அழுதது, நஞ்சு முழுமையாக அகற்றப்பட்டது, வயிறு அடுக்கடுக்காகத் தைக்கப்பட்டது. எல்லாம் செயப்பாட்டு வினை. அந்தப் பத்தி முழுவதிலும் செய்வினை ஒன்றே ஒன்றுதான்: 'அழுதது'. அது பிள்ளைக்குரியது. பிறந்து ஒரு நிமிஷம்கூட ஆகாத ஜீவனுக்கு ஒரு வினை கிடைத்துவிட்டது. முப்பது வருஷம் வாழ்ந்தவளுக்கு ஒன்றும் இல்லை. மயக்க ஊசிக்குப் பிறகும் எனக்கு நினைவு இருந்தது, பேச்சு இருந்தது. ஒரு கேள்விகூடக் கேட்டேன். அதை எழுதக் கட்டம் இல்லை.

'பெத்தேன்' ஒரேயடியாகச் செத்துவிடவில்லை. சண்டையில் அது உயிரோடு வரும். 'உன்னைப் பெத்தவடா நான்' என்று வளர்ந்த மகனிடம் சொல்கிற பெண், அவனை வயிற்றைக் கிழித்து எடுத்திருந்தாலும் அப்படித்தான் சொல்கிறாள். பிள்ளையின் மீது உரிமை கோரும்போது வினை அவளுடையது. அந்த நாளைப் பற்றிச் சொல்லும்போது வினை அவங்களுடையது. உரிமைக்கும் அனுபவத்துக்கும் நடுவில் இருக்கிற இந்தப் பிளவைத்தான் நாம் வாசிக்கவேண்டும்.

ஆனால் அம்மாச்சியின் வாக்கியத்தை முழுசாகப் படிக்கவேண்டும். 'ஏழு பெத்தேன்' என்பதோடு அது நிற்கவில்லை, 'நாலு தங்குச்சு.' அந்தக் கம்பீரமான எழுவாய்க்குப் பின்னால் மூன்று சின்னக் குழிகள் இருக்கின்றன. புதுச்சேரிக்குப் பக்கத்துச் சேரியில் வாழ்ந்த விராம்மாவின் வாழ்க்கைக் கதை 1995-இல் பிரெஞ்சில் நூலாக வந்தது. தமிழில் பேசிய ஒரு தலித் பெண்ணின் வார்த்தைகள் முதலில் பிரெஞ்சில் அச்சேறியதைப் பற்றித் தனியாகப் பேசவேண்டும். இங்கே வேண்டியது இது: விராம்மா தானே மருத்துவச்சி. பன்னிரண்டு பெற்றார். மூன்றுதான் மிஞ்சின. தன்னிலை கைவசம் இருந்தால் போதும், உயிர் தானாகத் தங்கும் என்று யாரும் நினைக்கவேண்டியதில்லை.

4

இனி அறைக்குள் போகலாம். ஃபூக்கோ 'மருத்துவமனையின் பிறப்பு' நூலில் (1963) ஒரு கேள்வி மாறியதைச் சொல்கிறார். 'உனக்கு என்ன செய்கிறது?' என்று நோயாளியைக் கேட்ட வைத்தியன், நவீன மருத்துவத்தில் 'உனக்கு எங்கே வலிக்கிறது?' என்று கேட்கத் தொடங்கினான். நோயாளியின் கதை போய், உடலின் இடம் வந்தது. நமது பிரசவ அறையில் இந்த இரண்டாவது கேள்விக்கும் இடம் இல்லை. எங்கே வலிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே கேள்வி 'எவ்வளவு திறந்திருக்கு?' என்பது. அதை அவளிடம் கேட்பதில்லை. கையுறை போட்ட விரல்கள் அவள் உடம்பிடம் கேட்கின்றன. பதில் அவள் தலைக்கு மேலாக இன்னொருவருக்குச் சொல்லப்படுகிறது. 'ரெண்டு விரல்தான். நேரமாகும்.'

அவளிடம் நேராகப் பேசப்படுபவை ஏவல் வினைகள். படு. காலை அகட்டு. கத்தாதே. மூச்சைப் பிடி. முக்கு. கேஸ் ஷீட்டில் அவளுக்கு வினையே இல்லை; அறையில் ஏவல் மட்டும் இருக்கிறது; தன்வினை என்பது வீட்டுக்கு வந்து கதை சொல்லும்போதுதான், அதுவும் துண்டு துண்டாக.

ஏவலுக்கு அவள் கீழ்ப்படியாதபோது வருவது வசவு. அரசு மருத்துவமனையில் பெற்ற பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரே வாக்கியத்தை வேறு வேறு ஊரிலிருந்து சொல்வார்கள். 'அப்ப மட்டும் நல்லா இருந்துச்சா? இப்ப என்னத்துக்குக் கத்துற?' தனிப்பட்ட ஒரு நர்ஸின் வாய்த்துடுக்கு இல்லை இது. இவ்வளவு பரவலாக, ஒரு சொல்கூட மாறாமல் வருகிறது என்றால் அது நிறுவனத்தின் வாக்கியம். வலியை இன்பத்துக்கான தண்டனையாக அது மாற்றுகிறது. கல்யாணமானவள், தாலியோடு வந்தவள், குடும்பமே வெளியே காத்திருக்கிறது. ஆனாலும் மேசையில் ஏறியவுடன் அவள் குற்றவாளி. குடும்பத்தின் பார்வையில் புனிதமாக இருந்த கர்ப்பம், அறைக்குள் காமத்தின் தடயமாகிவிடுகிறது. புனிதத் தாய் வெளியே, தண்டிக்கவேண்டிய உடம்பு உள்ளே. நடுவில் ஒரு ஸ்பிரிங் கதவு.

இதைச் சொல்பவளும் ஒரு பெண் என்பதால் 'பெண்ணுக்குப் பெண்ணே எதிரி' என்ற பழைய பாட்டைச் சிலர் எடுப்பார்கள். வேண்டாம். அந்த நர்ஸ் நின்றுகொண்டே இரவைக் கழிப்பவள். ஒருத்தி மேசையில் இருக்க, மூன்று பேர் வலியில் இருக்க, மேலேயிருந்து டாக்டர் அவளை ஏவ, ஒரு சாவு நடந்தால் முதல் மெமோ அவளுக்கு. அதிகாரம் மேலிருந்து கீழே வடிந்து கடைசியாகத் தேங்கும் இடம் அவள் நாக்கு. அதிலிருந்து வழிவது அவளுக்கும் கீழே படுத்திருப்பவள் மீது. அந்த வழிதலுக்குச் சாதியும் வர்க்கமும் தெரியும். நகையோடு வந்தவளை 'மேடம்' என்றும், கூலிக்காரியை 'ஏய்' என்றும் அது தரம்பிரிக்கும்.

வீட்டுப் பேறு இந்த விஷயத்தில் சுத்தமாக இருந்ததா? தொப்புள்கொடி அறுத்த மருத்துவச்சி, பல ஊர்களில் நாவிதர் குடும்பத்துப் பெண்ணோ தலித் பெண்ணோதான். இரவில் அவள் கை வேண்டும். விடிந்ததும் அவள் கொல்லைப்புறம். தீட்டைத் தொடும் வேலையைத் தீட்டு என்று வைக்கப்பட்டவளிடம் தள்ளிவிட்ட சமூகம், மருத்துவமனையில் ஆயாக்களிடமும் துப்புரவுப் பெண்களிடமும் அதையே தள்ளியிருக்கிறது. கட்டடம்தான் மாறியது.

5

வலி என்ற சொல்லில் கொஞ்சம் நிற்கவேண்டும். பழைய தமிழில் வலி என்றால் வலிமை; வலியார் என்றால் பலசாலிகள். இன்றைய பேச்சில் வலி என்றால் நோவு. பேறுகாலத்தில் மட்டும் இரண்டு பொருளும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'வலி பத்தல' என்று சொல்கிறோம். தலைவலியைப் பத்தல என்று யாரும் சொல்வதில்லை. பிரசவ வலி பத்தவேண்டும், ஏறவேண்டும், வேலை செய்யவேண்டும்.

அமெரிக்க மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் 1990-களின் நடுவில் தமிழ்நாட்டில், முக்கியமாகச் சென்னையின் ஏழைப் பெண்களிடையே ஆய்வு செய்து 2003-இல் ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு முழு இயல் இந்த வலியைப் பற்றியது. வலியை ஏற்ற ஆக்சிடோசின் மருந்து செலுத்துவது பரவலாக இருந்ததையும், வலியைக் குறைக்க மருந்து கொடுப்பது அபூர்வமாக இருந்ததையும், பெண்களில் பலர் அந்த ஊசியைத் தாங்களே விரும்பியதையும் அவர் பதிவு செய்கிறார். மேலைப் பெண்ணியத்துக்கு இது புதிர். மருத்துவத் தொழில்நுட்பம் பெண்ணிடமிருந்து பேற்றைப் பறிக்கிறது என்பது அங்கே பழகின வாதம். இங்கே பெண்ணே தொழில்நுட்பத்தைக் கேட்கிறாள். வலியைத் தணிக்க அல்ல, ஏற்ற.

எனது வாசிப்பு இது. அவள் கேட்டது வலியை அல்ல, வினையை. ஊசி போட்டால் வலி வரும், வலி வந்தால் முக்கலாம், முக்கினால் பெறலாம். கத்தி வைப்பதற்கு முன்னால் 'பெத்தேன்' என்ற வாக்கியத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவளுக்குக் கிடைத்த கடைசி வழி அந்த ஊசி. சீக்கிரம் முடிந்து வீடு போகவேண்டும் என்ற கணக்கும் சேர்ந்திருக்கலாம். வீட்டில் மூத்தது தனியாக இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதில்லை.

அதே நூல் இன்னொன்றையும் சொல்கிறது. பேறு முடிந்த கையோடு, அவளுக்குத் தெரிவிக்காமலே, காப்பர்-டி பொருத்தப்பட்டது. ஒரு பேற்றுக்காக மேசையில் ஏறியவளிடமிருந்து அடுத்த பேற்றைப் பற்றிய முடிவும் சேர்த்து வாங்கப்பட்டது. அந்தச் சம்மதம் எதிலிருந்து எடுக்கப்பட்டது? 'ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேல்ல' என்பதிலிருந்து. வருகையே சம்மதம் ஆகிவிடுகிறது.

6

மேலே சொன்னதை எல்லாம் படித்துவிட்டு, அதனால்தான் வீட்டிலேயே பெறவேண்டும், நம் பாட்டிகள் பெறவில்லையா என்று கிளம்புபவர்கள் உண்டு. இவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2018 ஜூலையில் திருப்பூரில், காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பெற முயன்ற பெண் ஒருவர் ரத்தப்போக்கில் இறந்தார். பாட்டிமார்களின் பெருமையைப் பேசுகிற ஆண்கள் அந்தப் பாட்டிமார்களின் வாக்கியத்தில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள். 'ஏழு பெத்தேன்' வரைக்கும்.

1844-இல் தொடங்கிய எழும்பூர் மருத்துவமனை, 1885-இல் கோஷாப் பெண்களுக்கென்று தொடங்கிய மருத்துவமனை (இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை), பிறகு நெடுக எழுந்த ஆரம்ப சுகாதார நிலையங்கள் என்று இந்த நிலத்தில் ஒரு நீண்ட வேலை நடந்திருக்கிறது. 2018–20 கணக்குப்படி இந்தியாவில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 97 தாய்மார்கள் இறந்தார்கள்; தமிழ்நாட்டில் 54. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பேறுகளில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நடந்தன. இது சாதனை. இதைச் சாதித்ததில் நான் மேலே சொன்ன, வைத வாய் உள்ள நர்ஸுக்கும் பங்கு உண்டு.

அதே ஆய்வின் இன்னொரு எண்: தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 விழுக்காடு. தனியாரில் 63.8, அரசில் 36. நாடு முழுவதற்குமான சராசரி 21.5. பத்திலிருந்து பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் போக நியாயமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1985-இல் சொன்னது. அந்த வரம்பைப் பற்றி விவாதம் உண்டு. எவ்வளவு விவாதித்தாலும் தனியாரில் மூன்றுக்கு இரண்டு வயிறு கத்தியால்தான் திறக்கவேண்டும் என்று எந்த உடற்கூறும் சொல்லவில்லை. சட்டப் பயம், நேரப் பங்கீடு, பில், எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. ஜாதகமும் இருக்கிறது. நல்ல நாள், நல்ல நட்சத்திரம் பார்த்து, 'பத்தரை மணிக்குள்ள எடுத்துடுங்க டாக்டர்' என்று கேட்கும் குடும்பங்கள் நம்மிடையேதான் இருக்கின்றன. நவீன கத்தியும் பழைய பஞ்சாங்கமும் மோதிக்கொள்ளும் என்று நாம் நினைத்தோம். கைகுலுக்கிக்கொண்டன. நேரத்தைக் குறித்தது மாமனார், எடுத்தது டாக்டர். அவள் எங்கே?

ஆகவே எதிர்வு வீடா ஆஸ்பத்திரியா என்பது அல்ல. அந்த எதிர்வை நம் முன் வைப்பவர்கள் இருவருமே அவளிடம் கேட்காதவர்கள். உயிர் தங்கவேண்டும், வினையும் அவளிடம் தங்கவேண்டும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று யார் சொன்னது?

7

இரண்டும் கூடும் என்பதற்கு மருத்துவத்தின் சொந்தப் பிரதிகளிலேயே சாட்சி இருக்கிறது. பேற்றின் முன்னேற்றத்தைக் கோடாக வரையும் பார்டோகிராஃப் தாளை எடுத்துக்கொள்வோம். 1955-இல் அமெரிக்காவில் ஃப்ரீட்மன் கருப்பை வாய் திறக்கும் வேகத்தை வரைபடமாக்கினார். 1972-இல் அன்றைய ரொடீஷியாவில் ஃபில்பாட்டும் காஸிலும் எச்சரிக்கைக் கோடும் செயல் கோடும் சேர்த்தார்கள். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது விதியானது. கோட்டைத் தாண்டினால் ஊசி, அல்லது கத்தி. சிக்கலில் இருக்கும் பெண்ணை நேரத்தோடு கண்டுபிடித்து அனுப்ப அந்தக் கோடு உதவியிருக்கிறது. ஆனால் அந்த வேகம் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது, அதை மட்டும் வைத்துக் குறுக்கிடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2018-இல் சொல்லிவிட்டது. அறுபது வருஷத்துக்கும் மேலாக 'உனக்கு வலி பத்தல' என்று உடம்பைக் குறை சொன்னோம். குறை அளவுகோலிலும் இருந்தது.

2020-இல் அந்நிறுவனம் வெளியிட்ட புதிய தாளில் சில கட்டங்கள் கூடின. துணைக்கு ஆள் இருக்கிறாரா? வலி தணிக்க ஏதும் செய்யப்பட்டதா? குடிக்கக் கொடுத்தார்களா? எந்த நிலையில் இருக்கிறாள், நடக்கிறாளா, படுத்தா? மேலோட்டமாகப் பார்த்தால் இது படிவத் திருத்தம். பிரதியாக வாசித்தால், ஒரு உடம்பு இருந்த இடத்தில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறாள். தமிழ்நாடு இதில் பின்தங்கியதும் அல்ல. துணைக்கு ஒரு பெண்ணைப் பிரசவ அறைக்குள் அனுமதிக்கும் திட்டம் இங்கே 2004-இலேயே வந்தது. எத்தனை அறைகளில் அந்தத் துணை கதவுக்கு உள்ளே நிற்கிறாள், எத்தனையில் வெளியே பிளாஸ்க்கோடு நிற்கிறாள் என்பதைப் பிரசவக் கதைகள்தான் சொல்லும்.

இங்கேதான் நான் சொல்லவந்ததற்கு வருகிறேன். பேறுகால மரணத் தணிக்கை என்ற முறையில் தமிழ்நாடு முன்னோடி. 1990-களில் தொடங்கி, 2004-க்குப் பிறகு கட்டாயமாக்கப்பட்டது. ஒரு பெண் பேற்றில் இறந்தால் வீடு தேடி ஆள் வருகிறார்கள். கணவனை, மாமியாரை, தாயை உட்கார வைத்துக் கேட்கிறார்கள். வலி எப்போது கண்டது? எந்த வண்டி? முதலில் எங்கே போனீர்கள்? ஏன் அனுப்பினார்கள்? எவ்வளவு நேரம் காத்திருந்தாள்? யார் பார்த்தார்கள்? என்ன சொன்னார்கள்? வாய்மொழியாகக் கேட்டு எழுதும் இந்த விசாரணையால் பல உயிர்கள் தப்பியிருக்கின்றன. எங்கே தாமதம், எங்கே ரத்தம் இல்லை என்பது அதனால் தெரியவந்தது.

இந்தக் கேள்விகளை மறுபடி படித்துப் பாருங்கள். வலி கண்ட நேரம், வண்டி, அலைச்சல், உள்ளே நடந்தது. பிரசவக் கதையின் அமைப்பு அப்படியே இதில் இருக்கிறது. அரசுக்கு அந்தக் கதையைக் கேட்கத் தெரியாமல் இல்லை. கேட்கும் முறை இருக்கிறது, படிவம் இருக்கிறது, கேட்டுத் திருத்திக்கொண்ட அனுபவமும் இருக்கிறது. ஆனால் அவள் செத்தால்தான் கேட்கிறது. பிழைத்தவளிடம் கேட்பது 'திருப்தியா?' என்ற ஒரு கேள்வி. கையில் பிள்ளையோடு, வாசலில் ஆட்டோ நிற்க, அடுத்த பேற்றுக்கும் இங்கேதான் வரவேண்டும் என்று தெரிந்தவள் என்ன சொல்வாள்? 'நல்லாப் பாத்துக்கிட்டாங்க' என்பாள். அது பொய் அல்ல. உயிரைப் பார்த்துக்கொண்டதற்கான நன்றி அது. நன்றியைச் சம்மதமாக வாசிப்பதுதான் தப்பு.

பிழைத்தவளின் கதைக்கும் அதே மரியாதை வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் அரைப் பக்கம், அவள் சொல்லச் சொல்ல, அவள் பேச்சிலேயே எழுத இடம் விடலாம். மருத்துவமனை அதைச் செய்யும்வரை இலக்கியம் சும்மா இருக்கவேண்டியதும் இல்லை. இந்த மாதிரிப் பத்திரிகைகளைப் படிப்பவர்கள் தங்கள் வீட்டில் பெற்றவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதலாம். எழுதும்போது சில விஷயங்களைக் காப்பாற்றவேண்டும். 'எடுத்தாங்க' என்றால் எடுத்தாங்க என்றே இருக்கட்டும், பெற்றேன் என்று திருத்தவேண்டாம். நர்ஸைப் புகழ்ந்த இடத்தையும் விடவேண்டாம், வசவை நாகரிகமாக்கவும் வேண்டாம். 'எல்லாம் மறந்துபோச்சு' என்ற கடைசி வரியையும் எழுதுங்கள். அதற்கு முன்னால் அவள் சொன்ன அரை மணி நேரத்தை முழுசாக எழுதியிருந்தால், அந்த வரி எவ்வளவு தூரம் உண்மை என்று படிப்பவர்களுக்கே தெரிந்துவிடும். புள்ளைத்தாச்சிகளும் படிக்கட்டும்.